ஷூ மாற்றவா, ட்ரம் கடையவா, டிஸ்க்குக்கே போய்விடவா?

மச்சான் 1984 மாடல் புல்லட் வைத்திருக்கிறார். முன் பிரேக் லிவரை கிரிப்போடு ஒட்டும் வரை அமுக்கினாலும் வண்டி யோசித்துத்தான் நிற்கும். போன மாதம் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகுக்கு ஒரு ஜாண் இடைவெளி விட்டு நின்றிருக்கிறார், அதுவும் பின் பிரேக்கோடு இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்து. அன்று ராத்திரியே எனக்குப் போன். "மாப்ள, எல்லாரும் டிஸ்க் போட்டுருன்றாய்ங்க. நீ என்ன சொல்ற?"

அரை மணி நேரம் பேசினேன். அவருக்குப் பாதி புரிந்தது, எனக்குத் தொண்டை கட்டியது. அதனால் எழுதிவிடுகிறேன். புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 என்று முன்பக்கம் ட்ரம் (சக்கரத்தின் நடுவே உள்ள கிண்ணம், உள்ளே இருக்கும் இரண்டு ஷூவும் விரிந்து அதன் சுவரில் உரசித்தான் வண்டி நிற்கும்) உள்ள பழைய வண்டி எதை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் நம் ஆட்கள் கேட்கிற கேள்வி "எதை வாங்கி மாட்டலாம்?" என்பது. கேட்க வேண்டியது, ஷூவும் ட்ரம்மும் ஒன்றோடு ஒன்று முழுசாக ஒட்டுகிறதா என்பது. புது ஷூ, பெரிய ட்ரம், டிஸ்க் மூன்றுமே அதற்குப் பிறகு வருகிற பேச்சு. அது தெரியாமல் கடைக்குப் போனவன் இரண்டு தடவை காசு கொடுப்பான். நானும் கொடுத்தவன்தான்.

காசே செலவில்லாத வழியில் ஆரம்பிப்போம். அட்ஜஸ்ட் செய்வது என்றால் கேபிள் நட்டை நாலு சுற்று சுற்றுவது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுற்றிவிட்டு, நட்டை மெதுவாக முறுக்கிக்கொண்டே வாருங்கள். 'சர்ர்' என்று உரசும் சத்தம் வந்ததும் நிறுத்தி, அந்தச் சத்தம் போகும் வரை மட்டும் தளர்த்துங்கள். உரசல் முழுச் சுற்றுக்கும் ஒரே மாதிரி கேட்டால் சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'சர்ர்' என்று கேட்டு மற்ற இடத்தில் சும்மா சுற்றினால் ட்ரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கிறது, அந்தக் கதை பின்னால் வருகிறது. பின் பிரேக்குக்கும் இதே முறைதான், ஆனால் விங் நட்டை வைத்த பிறகு ஓர் ஆளை சீட்டில் உட்காரவைத்துத் திரும்பச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் இறங்கும்போது பிரேக் ராடின் இழுப்பு மாறும், காலியாக நிற்கும்போது சரியாக இருந்த பிரேக் ஆள் ஏறியதும் உரசலாம்.

அடுத்தது நடுவில் உட்கார வைப்பது. பெரும்பாலான மெக்கானிக்குகள் விட்டுவிடுகிற வேலை இது, செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. ஆக்ஸில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தை ஓடவிட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட் தானாக நகர்ந்து இரண்டு ஷூவும் சமமாக ட்ரம்மைத் தொடும் இடத்தில் நின்றுகொள்ளும். பஞ்சர் ஒட்டச் சக்கரம் கழற்றிய ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். "பஞ்சர் ஒட்டினதிலிருந்து பிரேக்கே சரியில்லை" என்று புலம்புகிறவர்களுக்கு மருந்து பெரும்பாலும் இதுதான்.

அப்புறம் கேபிள். பழைய கேபிளின் மேலுறை அமுங்கும். நீங்கள் லிவரை இழுக்க இழுக்க உறை ஸ்பான்ஜ் மாதிரி சுருங்கி, இழுத்ததில் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும். ஷூவுக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி. நல்ல கனமான கேபிள் ஒன்று ஷூ விலையை விடக் குறைவு, எதை மாற்றுவதற்கும் முன்னால் இதை மாற்றிப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் கேபிளை ஆணியில் தொங்கவிட்டு, மேல் முனையில் ஒரு பேப்பர் கூம்பு கட்டி, இரண்டு சொட்டு இரண்டு சொட்டாக ஆயில் விட்டு ராத்திரி முழுக்க இறங்கவிட்டால் லிவர் வெண்ணெய் மாதிரி வரும்.

ஷூவை விரிக்கும் கட்டைக்குக் கேம் என்று பெயர், அதைத் திருப்பும் கேம் லிவரின் கோணத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். பிரேக்கை முழுசாகப் பிடித்த நிலையில், பேக் பிளேட்டில் இருக்கும் அந்தச் சின்னக் கையும் கேபிளும் கிட்டத்தட்ட 90 டிகிரியில் இருக்க வேண்டும். 90-ஐத் தாண்டிப் போனால் எவ்வளவு இழுத்தாலும் பலம் குறைந்துகொண்டே போகும். லைனிங் (ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டை) தேயத் தேய இந்தக் கை முன்னால் சாய்ந்துகொண்டே வரும், நம் ஆட்களும் கேபிளை முறுக்கிக்கொண்டே போவார்கள். சில பட்டறைகளில் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். லைனிங் நல்ல கனமாக இருக்கும்போது அப்படிச் செய்தால் தப்பில்லை. தேய்ந்துபோன லைனிங்கை வைத்துக்கொண்டு செய்தால் ஆபத்து. கேம் அளவுக்கு மீறித் திரும்பிக் குப்புற விழுந்து, ஷூ விரிந்தபடியே பூட்டிக்கொள்ளும். சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால்தான் ஷூ பேச்சு.

திறந்ததும் என்ன பார்க்க வேண்டும்? லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது பாலிஷ் ஏறியது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மேல்தோலை எடுத்தால் போதும், ஷூவை மாற்ற வேண்டாம். காய்ந்த உப்புத்தாளால் தேய்ப்பதும், ட்ரம்முக்குள் ஏர் அடிப்பதும் வேண்டவே வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். லைனிங் கருத்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் கதை வேறு. வீல் பேரிங்கில் கிரீஸை அள்ளி அப்பியதாலோ சீல் போனதாலோ உள்ளே வடிந்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், இரண்டு தடவை சூடு ஏறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும். அது போனது போனதுதான்.

மாற்றுவது என்று முடிவானால், கடையில் புது ஷூ வாங்குவதா, பழைய ஷூவுக்கே புது லைனிங் ஒட்டுவதா?

புல்லட்டுக்கும் ஆர்எக்ஸுக்கும் புது ஷூ ஊரெல்லாம் கிடைக்கும். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி குறைவு, கிடைப்பதிலும் பாதி யார் வார்த்தது என்றே தெரியாத சரக்கு. மலிவு ஷூவின் லைனிங் கல் மாதிரி இருக்கும், தேயாது, அதையே ஒரு பெருமையாகச் சொல்லி விற்பார்கள். தேயாத லைனிங் பிடிக்காது என்பதைச் சொல்ல மாட்டார்கள். பழைய வார்ப்பு ஷூ நேராக, விரிசல் இல்லாமல் இருந்தால் நான் அதற்கே லைனிங் போடுவேன், கேமும் பிவட்டும் (ஷூ அசையும் கீல்) உட்காரும் இடம் அந்த வண்டிக்கே பழகிய இடம். அதிலும் இரண்டு வகை. ரிவெட் அடித்தது, பசையில் ஒட்டியது. ரிவெட் அடித்ததில் லைனிங் தேய்ந்து ரிவெட் தலை தெரிய ஆரம்பித்த அன்றே மாற்றாவிட்டால் ட்ரம்மில் கோடு கோடாக உழுதுவிடும், ஆனால் லைனிங் மொத்தமாகக் கழன்று விழும் பயம் குறைவு. ஒட்டியதில் கடைசி வரை தேய்க்கலாம். ஆனால் ஒட்டுவது என்றால் கிளாம்ப் போட்டு அழுத்தி, அடுப்பில் வைத்து வேகவைக்க வேண்டிய வேலை. டப்பா பசையைத் தடவி வெயிலில் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஷூவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். லைனிங் பிய்ந்து ட்ரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

இப்போது என் சொந்தக் கதை. நாலு வருடத்துக்கு முன் என் வண்டிக்கு நல்ல விலையில் புது ஷூ போட்டேன். பிடிக்கவில்லை. 'செட் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்' என்றார்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று ஓடியது, செட் ஆகவில்லை. இன்னொரு கம்பெனி ஷூ போட்டேன். அதுவும் அப்படியே. கடைசியில் தெற்குவாசல் பக்கம் ஒரு கடைசல் பட்டறைக்குச் சக்கரத்தோடு போனேன். டர்னர் அண்ணன் ஷூவையும் ட்ரம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, சட்டை புதுசு, உடம்பு வேற ஆளோடது" என்றார். ஒரு சாக்பீஸை எடுத்து ட்ரம்மின் உள்சுவர் முழுக்கப் பூசினார். ஷூவோடு பேக் பிளேட்டை உள்ளே வைத்து, கேமைக் கையால் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. வெளியே எடுத்துக் காட்டினார். வெள்ளை ஒட்டியிருந்தது இரண்டு ஷூவின் நடுவில் மட்டும், விரல் அகலத்துக்கு. நுனிப் பக்கமெல்லாம் முழுக்கக் கறுப்பு. ஆறு மாதமாக நான் ஓட்டியது அந்த விரல் அகல பிரேக்கில்.

காரணம் எளிது. ட்ரம் வருடக்கணக்கில் தேய்ந்து விட்டம் கூடியிருக்கும். புது ஷூ ஃபேக்டரி அளவு. இரண்டு வட்டமும் ஒன்றில்லை, ஒட்டுவதும் ஒட்டாததும் அன்றைய அதிர்ஷ்டம். போதாததற்கு நம் ட்ரம் ஸ்போக்ஸ் வைத்துக் கட்டியது. ஸ்போக்ஸை ஏற்றி இறக்கி ரிம் கோட்டம் எடுக்கும்போது ட்ரம் இருக்கும் ஹப்பும் (சக்கரத்தின் நடுப் பாகம்) சேர்ந்து இழுபடும், ட்ரம் ஒரு மயிரிழை முட்டை வடிவத்துக்குப் போகும். பிரேக் பிடிக்கும்போது லிவர் கைக்குள் துடிக்கிறது என்றால் இதுதான். அதனால் ட்ரம்மைத் தனியாகக் கடைந்து பிறகு ஸ்போக்ஸ் கட்டுவது வேலைக்கு ஆகாது. முதலில் சக்கரத்தைக் கட்டி, கோட்டம் எடுத்து, சக்கரத்தோடே லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். 19 அங்குலச் சக்கரம் ஏறும் லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள். கடைவதும் கோடு மறையும் அளவுக்கு, வட்டம் திரும்பும் அளவுக்கு மட்டும். சில ட்ரம்களில் அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பொறிக்காத பழைய ட்ரம் என்றால் கடைசல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான், ஏனென்றால் எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

ட்ரம் முடிந்ததும் ஷூ. கொஞ்சம் கனமான லைனிங் போட்ட ஷூவை பேக் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைத்துக் கொஞ்சம் விரித்த நிலையில், அந்தப் புது ட்ரம் அளவுக்கு ஒரு நூல் குறைவாகக் கடைவார். அப்புறம் சாக்பீஸ் வைத்துப் பார்த்து, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, நடு முக்கால் பாகமும் வெள்ளையாகும் வரை. நுனியில் ஒரு சாய்வு அரம். நுனி முதலில் தொட்டால் பிரேக் கவ்விக் கத்தும், நடு முதலில் தொட வேண்டும். மொத்தம் அரை நாள் வேலை. கூலி, குடும்பத்தோடு ஒரு நல்ல ஹோட்டலில் சாப்பிட்டால் வரும் பில். அந்தச் சாயங்காலமே வைகை மேலுள்ள ஏ.வி. மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தேன். 1889-இல் திறந்த பாலம், அதற்கு வயதானது தெரிகிறது, என் பிரேக்குக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் போக வேண்டுமா என்பது நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊருக்குள்ளும் நத்தம் ரோட்டிலும் ஒற்றை ஆளாக ஓட்டுகிறவருக்கு மேலே சொன்னதே தாராளம். வீட்டம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பையும் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அடுத்த படி இரட்டை கேம் ட்ரம்.

சாதாரண ட்ரம்மில் ஒரு கேம், இரண்டு ஷூ. சக்கரம் சுற்றும் திசையே ஒரு ஷூவை ட்ரம்முக்குள் இழுத்து அழுத்தும், இன்னொன்றை ட்ரம்மை விட்டுத் தள்ளும். வேலை பார்ப்பது பெரும்பாலும் முதல் ஷூதான், மற்றது கூட்டத்தோடு கூட்டமாகக் கோவிந்தா போடும். இரட்டை கேமில் இரண்டு ஷூவுமே முதல் ஷூ. புல்லட்டின் பழைய 6 அங்குல ஒற்றை கேமுக்கும் பின்னாளில் வந்த 7 அங்குல இரட்டை கேமுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையிலேயே உணரலாம். ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும், ஜப்பானில் டிஸ்கோடு வந்த அந்த வண்டி நம் ஊருக்கு இரட்டை கேம் ட்ரம்மோடுதான் வந்தது. மாற்றுவது என்றால் ஹப், பேக் பிளேட், ஸ்போக்ஸ் எல்லாம் புதிதாக வேண்டும், பேக் பிளேட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் முட்டு உங்கள் ஃபோர்க் காலில் சரியாக உட்காருமா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த முட்டு விஷயத்தில் வெல்டிங் சமாளிப்பெல்லாம் வேண்டாம். இரட்டை கேமுக்கு இன்னொரு செல்லம் கொடுக்க வேண்டும்: இரண்டு கேமையும் இணைக்கும் ராடின் நீளம். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கேமையும் ஷூ ட்ரம்மைத் தொடும் வரை தனித்தனியாகத் திருப்பி, அந்த நிலையில் ராட் எவ்வளவு நீளமோ அதை வைத்துப் பூட்ட வேண்டும். இதைச் செய்யாத இரட்டை கேம், ஒற்றை கேமைவிட மோசம். ஒரு குறையும் உண்டு. பழமுதிர்சோலை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளப் பார்க்கும்போது முன் பிரேக்கை நம்பினால் இரண்டு ஷூவும் ட்ரம்மை விட்டுத் தள்ளப்படும், பிடி பாதி கூட இருக்காது. பின் பிரேக்கில் கால் இருக்க வேண்டும்.

டிஸ்க்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழையில், நீண்ட இறக்கத்தில் அதை ட்ரம் ஜெயிக்க முடியாது. ஐப்பசி மழையில் வைகை தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கி ஏறியவர்களுக்குத் தெரியும், ட்ரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால் நாலைந்து தடவை லேசாகப் பிடித்துச் சூடேற்றிக் காயவைக்கும் வரை பிரேக் என்று ஒன்று இல்லை. ஆனால் டிஸ்க் என்பது ஒரு தட்டும் அதைக் கவ்வும் காலிப்பரும் மட்டும் இல்லை. காலிப்பர் பிடிக்கும் காது உள்ள ஃபோர்க் கால், ஹப், மாஸ்டர் சிலிண்டர் என்று முன்பக்கம் முழுக்க மாறும். அந்தக் காசில் நான் மேலே சொன்ன கடைசல் வேலையைப் பல தடவை செய்யலாம். காகிதச் சங்கடமும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போடுகிறது, 15 வருடம் தாண்டிய நம் வண்டிகளை 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோய் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்கும் மேலே என் ஆசாபாசம் ஒன்று. அந்த 84 புல்லட்டின் முகத்தில் ஒரு டிஸ்க்கைப் பார்த்தால் தாத்தா வேட்டிக்கு மேலே ஜிம் பனியன் போட்ட மாதிரி எனக்கு இருக்கும். டிஸ்க்தான் வேண்டும் என்றால் டிஸ்க்கோடு வந்த வண்டியை வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

மலைக்கு ட்ரம்மோடு போகிறவர்களுக்கு ஒன்று. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவை இறங்கும்போது பாதியில் லிவர் ஆழமாகப் போக ஆரம்பித்தது. ட்ரம் சூடானால் விரியும், ஷூ அதை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும், அதனால்தான். நான் என்ன செய்தேன்? ஓரமாக நிறுத்தி, கேபிள் நட்டை மூன்று சுற்று முறுக்கினேன். பிரேக் அருமையாக வந்தது. அடிவாரத்தில் டீ குடித்து, ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியைத் தள்ளினால் நகரவில்லை. ட்ரம் ஆறிச் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. டீக்கடைக்காரர் "அண்ணே, ஸ்டாண்டு எடுத்தீங்களா?" என்று கேட்டார். சூட்டில் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், இரண்டாவது கியரில் இறங்குங்கள். யெஸ்டி, ஆர்எக்ஸ் ஆட்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இறக்கத்தில் வண்டியைப் பெரிதாகப் பிடித்து இழுக்காது, த்ராட்டிலை முழுக்க மூடியே இறங்கினால் இன்ஜினுக்கு ஆயிலும் சரியாகப் போகாது, நடுநடுவே லேசாகத் திருகிவிட வேண்டும்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஓட்டுவது வீட்டிலிருந்து கடைக்கும், முகூர்த்த நாளில் அலங்காநல்லூர் வரைக்கும். மலைக்குப் போனால் காரில்தான் போவார். அவருக்கு டிஸ்க்கும் வேண்டாம், இரட்டை கேமும் வேண்டாம். புதுக் கேபிள், கோட்டம் எடுத்து ட்ரம் கடைசல், பழைய ஷூவுக்கே ரிவெட் லைனிங். கேம் புஷ் ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் அதையும் அதே லேத்தில் போட்டுவிடலாம். மாட்டிய பிறகு முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அழுத்திப் பிடிக்காமல், லேசாகப் பல தடவை பிடித்துப் பழக்க வேண்டும், அதை மட்டும் அவர் செய்வாரா என்று சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு வருகிறேன் என்றிருக்கிறார். வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டார். பிள்ளை பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் மட்டும் எடுத்து வரச் சொன்னேன்.